வலை இழுத்த நாளுக்கு எத்தனை புள்ளி?

பத்தாந்தரப் பிள்ளையின் எடை, உயரம், கண், பல் எல்லாவற்றையும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பார்த்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை தன் உடலோடும் மனதோடும் எப்படி நாளைக் கழிக்கிறது என்பதை நிறுவைத் தராசு சொல்லாது. அதற்கென்றே உலகின் பல நாடுகளில் புழங்குவது பெட்ஸ்கியூஎல் என்ற 23 கேள்விப் படிவம். உடலுக்கு 8, மனநிலை, நட்பு, பாடசாலை மூன்றுக்கும் ஐந்தைந்து. கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு தொல்லை தந்தது என்று பிள்ளையே குறிக்க வேண்டும். தொல்லையே இல்லையென்றால் 100, அநேகமாக எப்போதும் தொல்லை என்றால் பூச்சியம். இதன் சிங்கள வடிவத்தை இலங்கைப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது.

இந்தப் படிவத்தைப் புத்தளக் கரையோரத்தில் உள்ள உடப்புக்கோ கற்பிட்டிக்கோ கொண்டுபோவோம். கரைவலைக் காலம். விடியலில் வளைத்த வலையின் இரு கயிறுகளையும் பெரியவர்கள் இழுக்க, பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பின்னால் நின்று ஈரக் கயிற்றைச் சுருட்டுகிறான். வலையின் மடி கரையேறியதும் மீனைத் தரம்பிரிக்கக் குந்திவிடுகிறான். கைக்குக் கொஞ்சம் காசு, வீட்டுக்குக் கறி. அன்று பாடசாலை இல்லை. மறுநாளும் இல்லை.

இனி அவன் படிவத்தை நிரப்பட்டும். ஓட முடிகிறதா? நன்றாக. பாரம் தூக்க? கேட்கவே வேண்டாம். பாடசாலைப் பகுதியில் வரவின்மை பற்றி இரண்டே கேள்விகள்: சுகமில்லாமல் நின்றாயா, ஆஸ்பத்திரிக்குப் போக நின்றாயா? இரண்டுக்கும் இல்லை என்பதே அவனது நேர்மையான பதில். இரண்டுக்கும் நூற்றுக்கு நூறு! மாதத்தில் பாதி நாள் வகுப்பில் இல்லாதவன் தாளில் கொழுத்த ஆரோக்கியத்தோடு நிற்கிறான். படிப்பையே விட்டவன் கதை இன்னும் மோசம். ஒரு பகுதியில் பாதிக்கு மேல் பதில் இல்லையென்றால் அந்தப் பகுதிக்குப் புள்ளியே போடமாட்டார்கள்.

பெற்றோருக்கும் தனிப் படிவம் உண்டு. தகப்பன் கடலில், தாய் வளைகுடாவில் என்றால் அதை அம்மம்மாதான் நிரப்ப வேண்டும்.

பிள்ளையைத் தவறவிடுவது இந்தப் படிவம் மட்டுமல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்களிடம் நடத்திய மனநல ஆய்வொன்று 2013இல் வந்தது. 450 பேரில் 18.8 சதவீதத்தினருக்குப் பொதுவான மனநலக் கோளாறுகள் இருந்தன. கேட்கப்பட்டவர்கள் எல்லோரும் பெரியவர்கள். அதே வீட்டுப் பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்தக் கணக்கில் வரவில்லை.

எல்லா நாட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டால்தானே ஒப்பிட முடியும் என்பார்கள் ஆய்வாளர்கள். சரி, ஒப்பிடட்டும். 23 கேள்வியில் கை வைக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு தாள் வைத்து, தொழிலுக்காக எத்தனை நாள் நின்றாய், அந்தக் காசு யாருக்குப் போனது என்று கேட்டால் போதும். ஐரோப்பாவில் உருவான கிட்ஸ்கிரீன் என்ற இன்னொரு படிவத்தின் 52 கேள்வி வடிவம் பிள்ளையின் கைக்காசைப் பற்றியும் கேட்கத்தானே செய்கிறது?

புத்தளக் கரையோரப் பாடசாலைகளுக்குப் பெட்ஸ்கியூஎல் படிவத்தோடு போகிறவர்கள் அதிபரிடம் வரவு இடாப்பையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு புள்ளியைக் கூட்டுங்கள்.