விளக்குத் தீயும் மின்னிணைப்பு உரிமையும்

குடிசை எரிந்தால் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது எளிது. கூடலூரில் அந்தச் சொல் பாதி உண்மையையே சொல்லும்.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் பலர் கூடலூர், பந்தலூர் பகுதிகளில் குடியேறினர். அவர்களில் கணிசமானோர் தலித்துகள். அவர்களும் பழங்குடியினரும் வாழும் பல குடியிருப்புகள், 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நிலச் சிக்கலில் அகப்பட்டுள்ளன. பட்டா இல்லை என்பதால் மின்னிணைப்பும் நீண்டகாலமாக மறுக்கப்பட்டது. மின்சாரம் இல்லாத வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கும் மெழுகுவத்தியுமே துணை, கூரையிலோ தார்ப்பாய். பருவமழை மாதங்களில் ஈரத்துணி அடுப்புக்கு மேலேயே காய்கிறது. தீ பிடிப்பதற்கான சூழலை உருவாக்கியது வறுமை மட்டுமன்று, நிர்வாகமும்தான்.

உரிமை கிடைக்கும்வரை உயிரைக் காத்துக்கொள்ள வேண்டும். எரியும் விளக்கில் எண்ணெய் ஊற்றக்கூடாது. அணைத்து, ஆறிய பின்பே ஊற்ற வேண்டும். விளக்கைத் தார்ப்பாய்க்கும் படுக்கைக்கும் எட்டத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். குளிருக்காகக் கரி நெருப்பை மூடிய அறைக்குள் வைத்து உறங்கக்கூடாது. அதிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு வாசனையின்றிக் கொல்லும். புகை சூழ்ந்தால் தரையோடு தவழ்ந்து வெளியேற வேண்டும். உடையில் தீ பற்றினால் ஓடாமல் தரையில் படுத்து உருள வேண்டும். தீக்காயத்தின் மீது 20 நிமிடம் குளிர்ந்த நீர் ஊற்ற வேண்டும். மையோ பற்பசையோ தடவக்கூடாது. தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108.

இனி சட்டம். மின்சாரச் சட்டம், 2003இன் 43ஆம் பிரிவு, உரிமையாளர் மட்டுமன்றிக் குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் மின்சாரம் வழங்கும் கடமையை விதிக்கிறது. அரசுப் புறம்போக்கில் வாழ்ந்தவர்கள் தொடுத்த வழக்கில், மின்வசதி வாழ்வுரிமையின் பகுதி என 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. வனச்சட்டத் தடைகளைக் காட்டி அதிகாரிகள் மறுக்கலாம். ஆனால் வாய்மொழி மறுப்பை நாம் ஏற்கத் தேவையில்லை. விண்ணப்பத்தை எழுத்தில் அளித்து ஒப்புகை பெறுவோம்; மறுப்பையும் காரணத்துடன் எழுத்தில் கேட்போம். அந்தத் தாள் இருந்தால்தான் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும் உயர்நீதிமன்றத்துக்கும் வலுவாகச் செல்ல முடியும்.

கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, தம் குடியிருப்பில் மின்னிணைப்பற்ற வீடுகளைப் பட்டியலிட்டு, வீட்டுக்கொரு விண்ணப்பம் எழுதித் தரலாம். விளக்கை எட்ட வைப்பது இன்றைய பாதுகாப்பு. விளக்கே தேவைப்படாத வீடுதான் நமது கோரிக்கை.