ஏரிக்குள் நேர்கோடு

பழவேற்காடு ஏரி சுருங்குகிறது என்று செயற்கைக்கோள் படத்தைக் காட்டுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அது எந்த மாதத்துப் படம் என்பதுதான். சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. ஆனால் ஆழம் மிகக் குறைவு. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் நீர் கொண்டுவர விரியும். கோடையில் வடபகுதி உப்புப் பூத்த சேறாகிவிடும். டிசம்பர்ப் படத்தையும் மே மாதப் படத்தையும் ஒப்பிட்டு அபாயக் குரல் எழுப்பினால், வெறும் பருவ மாற்றம் என்று அதை மறுத்துவிடலாம்; ஏரியை ஆக்கிரமிப்பவர்களுக்குத்தான் அது வசதி. தண்ணீர் அண்மை அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். அந்த ஒளியையும் பச்சை ஒளியையும் ஒப்பிட்டு நீர்ப்பரப்பைப் பிரிக்கும் குறியீட்டை 1996இல் மக்ஃபீட்டர்ஸ் வகுத்தார். கலங்கல் நீரும் ஈரச் சேறும் அந்தக் கணக்கையும் குழப்பும். ஆகவே பரப்பளவு என்ற ஒற்றை எண்ணை நம்பி வாதாடக் கூடாது.

நம்ப வேண்டியது வடிவத்தை. அலையும் ஆறும் வரையும் கரை வளைந்து நெளியும். மனிதன் வெட்டும் கரை நேராக இருக்கும். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியைக் கடந்து செல்லும் சாலை அப்படித்தான் தெரிகிறது; கரையோர இறால் பண்ணைகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. பருவம் எதுவானாலும் இந்தக் கோடுகள் இடம் மாறுவதில்லை. பழவேற்காட்டிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2005இல் இத்தகைய பண்ணைகளுக்கெனத் தனிச் சட்டம் வந்து விதிகள் மாறின. எனவே ஒவ்வொரு குட்டையும் எந்த ஆண்டில் தோன்றியது என்பது முக்கியமாகிறது. 1980களிலிருந்து 30 மீட்டர் துல்லியத்தில் லேண்ட்சாட் சேர்த்துவரும் படங்கள் இலவசம். இந்தக் கேள்விக்கு அவை பதில் வைத்திருக்கின்றன. கேட்க வேண்டிய அலுவலகங்கள் கேட்டாக வேண்டும்.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைபடுவது இயற்கைதானே என்பார்கள். மணல் நகர்வது இயற்கை. ஆனால் தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் அந்த நகர்வின் குறுக்கே நிற்கின்றன. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: செயற்கைக்கோள் மேற்பரப்பைத்தான் பார்க்கிறது. ஏரி தூர்ந்து ஆழம் இழந்தாலும் பரப்பு அப்படியே தெரியலாம். கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளின் கழிவில் உலோகம் கரைந்து வந்தால் அதுவும் படத்தில் தெரியாது. இது உண்மை. ஆலைக் கழிவுக்கு ஆய்வகம் வேண்டும். ஆழத்துக்கோ ஆள் இருக்கிறார்கள்: பாடு முறையில் மீன்பிடி இடங்களைச் சுழற்சியாகப் பகிர்ந்துகொள்ளும் மீனவர்கள். எந்தப் பாடு இடத்தில் படகு தரைதட்டுகிறது என்று ஆண்டுதோறும் அவர்களிடம் கேட்டு, அந்த இடங்களை அதே மாதத்துப் படத்தின்மேல் குறித்துவைத்தால், வானிலிருந்து தெரியாத ஆழமும் பதிவாகிவிடும்.