நலம், நலமறிய ஆவல்! - போர்முனை மடல்கள் கூறும் கதை

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

"நலம், நலமறிய ஆவல்." கடிதம் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது இந்த வரிதான். தமிழ் வகுப்பில் கடிதப் பயிற்சி எழுதும்போதெல்லாம் நாமும் இதையே எழுதுகிறோம். எழுதும்போது நாம் உண்மையில் நலமாக இருக்கிறோமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

என் பாட்டிக்கோ இந்த வரியைக் கேட்டால் கண் கலங்கிவிடும். அவர் ஊர் வேலூர்ப் பக்கத்துக் கிராமம். 1971-ஆம் ஆண்டுப் போரின்போது தாத்தா எல்லையில் இருந்தார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் தபால்காரர் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிப்பார். அக்கம்பக்கத்தார் அனைவரும் கூடிவிடுவார்கள். "அத்தனை பேரு காதுல விழுற மாதிரி அவரு என்னத்த எழுதுவாரு? நான்தான் என்ன பதில் சொல்லுவேன் கண்ணு? 'நலம்'னு வரும், 'நலம்'னு போவும்" என்று பாட்டி ஒரு நாள் என்னிடம் கூறினார்.

அன்றிலிருந்து போர்வீரர்கள் எழுதிய கடிதங்களைப் பற்றி அறிய ஆவல் கொண்டேன். நூலகத்தில் படித்து அறிந்தவற்றை என் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கடல் கடந்த சிப்பாய்கள்

1914-ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னை மீது குண்டு வீசிய செய்தி நாம் அறிந்ததே. அதற்கு நான்கு நாட்களுக்குப் பின், செப்டம்பர் 26-ஆம் நாள், பிரான்சு நாட்டின் மார்செய் துறைமுகத்தில் இந்தியப் படையின் முதற்பகுதி சென்று இறங்கியது. பஞ்சாப், கார்வால், நேபாளம், வடமேற்கு எல்லைப்புறம் முதலிய இடங்களைச் சேர்ந்த உழவர் வீட்டுப் பிள்ளைகளே அதில் பெரும்பாலோர். சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். வெப்ப நாட்டுக்கேற்ற மெல்லிய சீருடையோடு வந்தவர்கள், சில வாரங்களிலேயே ஐரோப்பியக் குளிரில், சேறும் நீரும் நிறைந்த பதுங்குகுழிகளில் நிற்க நேர்ந்தது.

போர் முடிவதற்குள் இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றோர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர். உயிர் நீத்தோர் 70,000-க்கும் மேற்பட்டவர்.

பலர் கைபட்ட மடல்

1915 மார்ச் மாதவாக்கில் பிரான்சிலிருந்த இந்திய வீரர்கள் வாரந்தோறும் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் வரை எழுதினார்கள். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர்க்கு எழுதத் தெரியாது! எழுத்தறிந்த தோழனிடமோ, எழுதிக்கொடுப்பவரிடமோ தம் மனத்தில் உள்ளதைச் சொல்ல, அவர் உருதுவிலோ குர்முகியிலோ இந்தியிலோ எழுதுவார். அடுத்து, படைப்பிரிவின் அதிகாரி அதைப் பார்ப்பார். பின்னர் அது தணிக்கை அலுவலகத்துக்குச் செல்லும். இந்தியக் கடிதங்களைப் படிப்பதற்கென்றே பிரான்சில் ஓர் அலுவலகம் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஈவ்லின் ஹோவெல் என்ற அதிகாரி. வீரர்களின் மனநிலை எப்படி இருக்கிறது என்று அரசு அறிந்துகொள்வதே அதன் முக்கிய நோக்கம்.

இத்தனையையும் கடந்து ஊர் சேர்ந்த கடிதத்தை, அங்கும் தபால்காரரோ பள்ளி ஆசிரியரோதான் பல வீடுகளில் படித்துக் காட்ட வேண்டும். கணவன் மனைவிக்குச் சொன்ன ஒரு சொல் எத்தனை பேர் காதில் விழுந்து வந்திருக்கிறது, பாருங்கள்! என் பாட்டியின் துன்பம் புதிதன்று என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வெள்ளைக்கார வீரர்களின் நிலையும் முற்றிலும் வேறல்ல. பிரிட்டிஷ் படையில் அச்சடித்த அஞ்சலட்டை ஒன்று வழங்கப்பட்டது. 'நலமாக இருக்கிறேன்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்' என்பன போன்ற வரிகள் அதில் இருக்கும். வேண்டாத வரிகளை அடித்துவிட்டுத் தேதியும் கையொப்பமும் இட வேண்டும். வேறு ஒரு சொல் எழுதினாலும் அட்டை அழிக்கப்படும். ஆயினும் அந்த அட்டைக்காக எத்தனை தாய்மார் வாசலில் காத்திருந்தார்களோ! மகன் அடித்த கோடு, அன்று அவன் உயிருடன் இருந்தான் என்பதற்குச் சான்று அன்றோ?

மிளகும் மிளகாயும்

பூட்டு இருந்தால் சாவியும் இருக்கும் அல்லவா? தணிக்கையைக் கடந்து உண்மையைச் சொல்ல நம் சிப்பாய்கள் ஒரு வழி கண்டார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துவருகிறது, இப்போது சிவப்பு மிளகாயைப் பயன்படுத்துகிறார்கள் என்ற பொருளில் கடிதங்கள் சென்றன. மிளகு என்றால் இந்திய வீரர். மிளகாய் என்றால் வெள்ளைக்கார வீரர். இந்தியர் பலர் மடிந்துவிட்டனர் என்பதே செய்தி. காயம்பட்டவர்களைக் குணமானதும் மீண்டும் போர்முனைக்கே அனுப்பியதால் மனம் நொந்தவர்கள், ஊரிலுள்ள தம்பிமார் படையில் சேர வேண்டாம் என்று இவ்வாறு மறைமுகமாக எச்சரித்தார்கள். தணிக்கை அலுவலர்கள் இதை அறியாமல் இல்லை. பலவற்றை அறிந்தே தம் அறிக்கையில் குறித்து வைத்தார்கள்.

மறைக்காமல் எழுதியவர்களும் உண்டு. இது போரே அன்று, உலகின் முடிவு என்று சிலர் எழுதினர். மகாபாரதப் போரோடு ஒப்பிட்டவர்கள் பலர். கூடவே, மழை பெய்ததா, பயிர் எப்படி இருக்கிறது, மாடு கன்று போட்டதா, தங்கை திருமணம் என்னவாயிற்று என்ற கேள்விகளும் வரும். குண்டு மழைக்கு நடுவிலும் மனம் வீட்டைத்தான் சுற்றி வந்தது.

அயல்நாட்டில் ஓர் அன்னை

என் மனத்தை மிகவும் தொட்ட கடிதம் 1916 ஜனவரியில் எழுதப்பட்டது. பஞ்சாபைச் சேர்ந்த ஒரு வீரர், பிரெஞ்சுக் கிராமம் ஒன்றில் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தார். அந்த அம்மையாரின் மூன்று பிள்ளைகளும் போருக்குச் சென்றவர்கள். ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் காயமுற்று மருத்துவமனையில் இருந்தார், ஒருவர் பதுங்குகுழியில் நின்றார். அந்நிலையிலும் அவர் இந்தச் சிப்பாயின் துணிகளைத் துவைத்தார், படுக்கையை விரித்தார், காலைதோறும் ரொட்டியும் வெண்ணெயும் பாலும் காப்பியும் கொடுத்தார். பிரிந்த நாளில் அவர் தோளில் சாய்ந்து அழுது, வழிச்செலவுக்கு ஐந்து பிராங்கும் தந்தாராம். மொழி தெரியாத, நிறம் வேறான பிள்ளையிடம் தன் பிள்ளைகளைக் கண்ட அந்தத் தாயை எப்படி மறக்க முடியும்?

இன்னொரு செய்தி நம் போன்ற மாணவியருக்கு முக்கியமானது. பிரெஞ்சுப் பெண்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாய், ஆண்கள் இல்லாத வயல்களைத் தாமே உழுது நிர்வகிப்பதைக் கண்டு சிப்பாய்கள் வியந்தனர். "நம் வீட்டுப் பெண்பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்புங்கள்" என்ற கருத்தை அவர்களில் சிலர் வீட்டுக்கு எழுதினார்கள். போர்க்களத்திலிருந்து பெண்கல்விக்கு எழுந்த குரல் இது!

நாட்குறிப்பு

கடிதம் பிறர் கைபட்டுச் செல்வது. நாட்குறிப்போ தனக்குத்தானே எழுதிக்கொள்வது. பிரான்சுப் போர்முனையில் இருந்த அமர் சிங் என்ற ராஜபுத்திர அதிகாரி, 1898 முதல் 1942-இல் இறக்கும்வரை 44 ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். அவை 89 தொகுதிகள். வெள்ளை அதிகாரிகள் இந்திய அதிகாரிகளைச் சமமாக நடத்தாததை அதில் ஒளிவின்றி எழுதினார். கடிதத்தில் எழுத இயலாததை அவரால் எழுத முடிந்தது. காரணம், பேனா அவர் கையிலேயே இருந்தது.

எஞ்சியவை

சிப்பாய்களின் மூலக் கடிதங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அப்படியானால் இவற்றை நாம் எவ்வாறு அறிகிறோம்? தணிக்கை அலுவலகம் வாரந்தோறும் சில கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அறிக்கையில் சேர்த்தது. அவ்வறிக்கைகள் இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வரலாற்றாசிரியர் டேவிட் ஒமிசி அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து 1999-இல் நூலாக வெளியிட்டார். ஒற்றுப் பார்த்தவரின் கையே அக்குரல்களைக் காத்தது என்பது விந்தையிலும் விந்தை.

பிரான்சில் நெவ் ஷப்பெல் என்னும் ஊரில் 1927-இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில், கல்லறை இன்னதென்று அறியப்படாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பெயராவது கல்லில் நின்றது. ஆனால் அவர்களுக்காகக் காத்திருந்த மனைவியரும் அன்னையரும் என்ன எண்ணினார்கள்? அவர்கள் தம் கைப்பட எழுதிய வரிகள் மிக மிக அரியவை. அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பார் இல்லை.

அன்புத் தோழியரே! எழுத்தறிவு தேர்வுக்கும் வேலைக்கும் மட்டும் உரியதன்று. நம் துயரத்தையும் அன்பையும் பிறர் வாய்வழி அல்லாமல் நாமே சொல்லும் உரிமை அது. இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய நாள்முதல், மாலைதோறும் பாட்டிக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து வருகிறேன். சென்ற வாரம் அவர் சிலேட்டில் தாத்தாவின் பெயரை எழுதினார். தாத்தா இன்று இல்லை. பாட்டி நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அழிக்க விடவில்லை.