மெல்ல விலகும் பட்டு

உடலுக்குள் உதிரிபாகம் – 14

சென்ற வாரம் டாக்டர் மைக்கேல் டீபேக்கியை ஹூஸ்டன் நகரத்துக் கடையொன்றில் விட்டுவிட்டு வந்தோம். நைலான் துணி வாங்கப் போனவர், அது தீர்ந்துபோயிருந்ததால் அப்போது புதிதாக வந்திருந்த டாக்ரான் என்ற பாலியெஸ்டர் துணியை வாங்கிவந்து, வீட்டுத் தையல் மெஷினில் குழாயாகத் தைத்தார். அந்தக் குழாயின் வாரிசுகள்தான், மகாதமனி வீங்கி வெடிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு இன்றைக்கும் வைக்கப்படுகின்றன. பல்லாண்டுகள் உழைக்கவும் செய்கின்றன.

அப்படியானால் இதய அடைப்புக்கு மட்டும் ஏன் காலைக் கிழித்து ரத்தக்குழாய் எடுக்கிறார்கள்? ஒரு துணிக்குழாயை வைத்துத் தைத்துவிட்டால் போதாதா?

போதாது. காரணம் அளவு. வயிற்றுப் பகுதியில் மகாதமனியின் உள்விட்டம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். இதயத் தசைக்கு ரத்தம் தரும் கொரோனரி தமனியோ 3, 4 மில்லிமீட்டர்தான். முழங்காலுக்குக் கீழே ஓடும் தமனிகளும் அதே சன்னம். செயற்கைக் குழாய்களுக்கு 6 மில்லிமீட்டர் என்பது ஒரு எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால் டாக்ரானும் டெஃப்ளான் வகைக் குழாய்களும் ஒவ்வொன்றாக அடைத்துக்கொள்கின்றன. குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓடும் ரத்தம் பதினாறில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். பெரிய குழாயின் சுவரில் ஒரு மில்லிமீட்டர் படிந்தால் உடம்புக்குத் தெரியவே தெரியாது. சிறிய குழாயில் அதே ஒரு மில்லிமீட்டர் உயிருக்கு உலை.

படிவு ஏன் வருகிறது? நம் ரத்தக்குழாய்களின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக எண்டோதீலியம் என்ற செல்கள் பரவியிருக்கின்றன. அவை சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து, ரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்கின்றன. குழாயைத் தளர்த்தியும் வைக்கின்றன. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. பிளாஸ்டிக் சுவரில் அந்தச் செல்கள் இல்லை. ரத்தம் பட்ட மாத்திரத்தில் புரதங்கள் படிகின்றன, அவற்றின் மேல் தட்டணுக்கள் ஒட்டுகின்றன, உறைவு தொடங்கிவிடுகிறது. அதைத் தப்பினாலும் இன்னொரு வினை காத்திருக்கிறது. நம் தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் சற்றே விரிந்து சுருங்கும்; பிளாஸ்டிக் விறைத்து நிற்கும். இரண்டும் சந்திக்கும் தையல் ஓரத்தில் தசைச் செல்கள் அளவு மீறிப் பெருகி, சில மாதங்களில் வாயை அடைத்துவிடும்.

அதனால்தான் மருத்துவர்கள் நோயாளியின் உடம்பிலிருந்தே குழாய் எடுக்கிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ரெனே ஃபவலோரோ 1967இல் செய்து காட்டிய வழி இன்றும் பெருமளவு அப்படியே தொடர்கிறது. கணுக்காலிலிருந்து தொடை வரை செல்லும் சஃபீனஸ் சிரையை வெளியே எடுப்பார்கள். அதன் பக்கக் கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்டுவார்கள். சிரிஞ்சால் திரவம் ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பித்தான் இதயத்தில் தைப்பார்கள். சிரைக்குள் ரத்தத்தை ஒரே திசையில் விடும் வால்வுகள் உண்டு. நேராக வைத்தால் அவை வழியை மறித்துவிடும். இவ்வளவு பக்குவம் பார்த்து வைத்தாலும், சிரைக்குத் தமனியின் அழுத்தம் பழக்கமில்லை. ஆண்டுகள் போகப்போக அதுவும் தடிக்கும், அடைக்கும்.

அந்தச் சிரைகூடக் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். வெரிகோஸ் வந்து சிரை சுருண்டுபோனவர்கள், முதல் பைபாஸிலேயே எடுத்துவிட்டவர்கள், சிரை மிக மெல்லியதாக இருப்பவர்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. சர்க்கரை முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று முழங்காலுக்குக் கீழே உள்ள தமனிகள். விரலில் தொடங்கிய புண் பாதத்துக்கு ஏறி, ஒருநாள் காலையே எடுத்துவிடும் கதை நம் ஊரில் எந்தக் குடும்பத்துக்குத் தெரியாது? அவர்களில் சிலருக்காவது, நேரத்தில் நல்ல மாற்றுக் குழாய் ஒன்று கிடைத்தால் கால் மிஞ்சும். இந்த அத்தியாயத்தை எழுதியே ஆக வேண்டும் என்று நான் நினைத்ததற்கு அதுதான் காரணம்.

பட்டு இங்கேதான் வருகிறது. ரத்தக்குழாய் அறுவையில் பட்டு புதிய விருந்தாளி அல்ல. 1894இல் பிரான்சின் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரை அறுபட்டுப்போனது. அதைத் தைக்க அன்றைக்கு யாருக்கும் தெரியாததால் இறந்தார். அதே ஊரில் மருத்துவ மாணவராக இருந்த அலெக்ஸி கேரல் இதை ஏற்கவில்லை. லியோன் பட்டுக்குப் பேர்போன ஊர். அங்கே மேடம் லெரூதியே என்ற பூத்தையல்காரரிடம் போய் மெல்லிய ஊசியும் பட்டு நூலும் பிடிக்கப் பழகினார். நூலில் வாசலின் தடவி, குழாய் வாயை மூன்று புள்ளிகளில் இழுத்துப் பிடித்து முக்கோணமாக்கித் தைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1912இல் நோபல் வந்தது. இன்றும் உறுப்பு மாற்று அறுவைக்கு அடித்தளம் அந்தத் தையல்தான்.

அடுத்த திருப்பம் 1947இல், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். ஆர்தர் வூரீஸ் என்ற இளம் மருத்துவர் ஒரு நாயின் இதயத்தைத் திறந்து பார்த்தார். முன்பு செய்த அறுவையில் தவறான இடத்தில் விழுந்திருந்த ஒரு பட்டுத் தையல், இதய அறையின் குறுக்கே அப்படியே நின்றிருந்தது. அதன்மேல் பளபளப்பான மெல்லிய திசுப்படலம் ஒன்று மூடியிருந்தது. ஓடும் ரத்தத்தின் நடுவே உடல் ஒரு நூலைப் போர்த்துகிறது என்றால், நூலால் நெய்த குழாயையும் போர்த்தும்தானே என்று அவர் யோசித்தார். பாராசூட்டுக்கு நெய்த வினயான் துணியில் குழாய் செய்து நாய்களில் வைத்து, 1952இல் முடிவுகளை வெளியிட்டார். துணிக்குழாய் யுகம் பிறந்தது. யோசனையைக் கொடுத்தது பட்டு. காரியத்துக்கு எடுத்துக்கொண்டது பிளாஸ்டிக்கை. அன்றைக்கு அது சரியான முடிவுதான். பெரிய தமனிகளுக்கு வலுவும் நிலைப்பும்தான் வேண்டியிருந்தன.

சிறிய தமனி கேட்பது வேறு. அதற்கு வைக்கும் குழாய், உடலின் செல்கள் வந்து குடியேறி, தங்களுக்கென்று ஒரு சுவரைக் கட்டிக்கொள்ளும் வரை நிற்க வேண்டும். பிறகு விலகிவிட வேண்டும். சீக்கிரம் கரைந்தால் குழாய் வெடிக்கும். கரையவே கரையாவிட்டால் விறைப்பும் வீக்கமும் தீராது. பட்டு இந்த இடைவெளியில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு மேல் வலு தாங்குவதால் அறுவை நூல்களின் பட்டியலில் அது கரையாத வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் உடலின் நொதிகள் அதை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டேதான் இருக்கின்றன.

அந்த வேகத்தை மாற்றவும் முடியும் என்பதுதான் என்னை வியக்க வைப்பது. பட்டுக்கூட்டை நறுக்கி, சோடியம் கார்பனேட் கரைத்த நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிடுகிறார்கள். கூட்டின் எடையில் ஏறக்குறைய கால்பங்காக இருக்கும் செரிசின் என்ற பசை போய்விடுகிறது. நம் ஊர்ச் சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குப் பசை எடுப்பதும் இதே வேலைதான். மிஞ்சுவது ஃபைப்ரோயின் என்ற புரதம். அதை அடர்ந்த லித்தியம் புரோமைடு கரைசலில் 60 டிகிரி சூட்டில் நான்கு மணி நேரம் வைத்தால், இரும்புக்குச் சவால் விட்ட இழை மஞ்சள் நிறத் திரவமாகிவிடும். சன்னத் துளையுள்ள சவ்வில் ஊற்றி, தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று நாள் ஊறவைத்தால் உப்பு வெளியேறிவிடும். இப்போது கையில் இருப்பது வெறும் நீரும் பட்டும். இதை அச்சில் தோய்க்கலாம், மின்புலத்தில் நுண்ணிழையாக நூற்கலாம், உறையவைத்துத் துளைகள் நிறைந்த பஞ்சாக்கலாம். பிறகு மெத்தனாலிலோ நீராவியிலோ காட்டினால் புரதத்தின் மடிப்புகள் படிகங்களாக நெருங்கி, மறுபடி நீரில் கரையாத பட்டாகின்றன. படிகம் கூடினால் மெதுவாகக் கரையும். குறைந்தால் சீக்கிரம் கரையும். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லானின் குழு இந்தச் செய்முறையைப் பல்லாண்டுகளாகச் செதுக்கியிருக்கிறது.

இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் சோதனை ஜப்பானில் நடந்தது. டோக்கியோ வேளாண் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டெட்சுவோ அசகுரா, பட்டின் மூலக்கூறு அமைப்பை ஆராய்ந்தே வாழ்நாளைச் செலவிட்டவர். அவரும் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் சிலரும் சேர்ந்து, பட்டிழைகளைக் குழாயாகப் பின்னி, அதன்மேல் ஃபைப்ரோயின் கரைசலைப் பூசினார்கள். உள்விட்டம் 1.5 மில்லிமீட்டர், நீளம் 1 சென்டிமீட்டர். எலிகளின் வயிற்றுத் தமனியில் தைத்தார்கள். முடிவு 2010இல் வெளியானது. ஓராண்டு கழித்து பட்டுக் குழாய்களில் 85 சதவீதம் அடைக்காமல் இருந்தன. அதே அளவு டெஃப்ளான் குழாய்களில் 30 சதவீதம் மட்டுமே. எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், உட்புறம் எண்டோதீலியம், நடுவே ஒழுங்காக அடுக்கப்பட்ட தசைச் செல்கள், வெளிச்சுவரில் அந்தச் சுவருக்கே ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்கள். பட்டு குறைந்திருந்தது, எலி தானே உண்டாக்கிய கொலாஜன் கூடியிருந்தது.

படித்தவுடன் துள்ளத் தோன்றும். ஆனால் எலிக்கும் மனிதருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எலியில் ஒரு சென்டிமீட்டர் குழாயை, இரு முனைகளின் தையலிலிருந்தும் ஊர்ந்துவரும் செல்களே மூடிவிடும். மனிதரில் அந்தச் செல்கள் முனையிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டரோடு நின்றுவிடுகின்றன. தொடையிலிருந்து கணுக்காலுக்குப் போகும் மாற்றுக் குழாய் அரை மீட்டர் நீளம்கூட இருக்கும். நடுப்பகுதிக்கு யார் வருவார்கள்? சுவரின் துளைகள் வழியே வெளியிலிருந்து செல்கள் நுழைய வேண்டும். ஆனால் ரத்தம் கசியவும் கூடாது. மிலான் நகர ஆராய்ச்சியாளர்கள் உள்ளும் புறமும் நுண்ணிழைப் பட்டு, நடுவில் பின்னிய பட்டு என மூன்றடுக்குக் குழாய் செய்திருப்பது இந்தச் சிக்கலுக்காகவே.

குவாஹாத்தி ஐ.ஐ.டி.யில் பிமன் மண்டல் குழுவின் வழி வேறு. மல்பெரிப் பட்டில் இல்லாத ஒன்று அசாமின் மூகா பட்டில் இருக்கிறது: செல்கள் பற்றிக்கொள்ளும் மூன்று அமினோ அமிலத் தொடர். மூகாவையும் மல்பெரியையும் கலந்து, உட்புறம் துளைகளும் வெளிப்புறம் அடர்த்தியும் கொண்ட குழாய் செய்து, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து எலிகளில் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். சேலைக்கும் மேகலா சாதருக்கும் மட்டுமே பேர்பெற்ற, பொன்னிறப் பட்டு தரும் ஒரு பூச்சிக்கு இந்த வேலையும் வாய்த்திருப்பதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

இன்னொரு கூட்டத்தாருக்கும் இந்தக் குழாய் வேண்டும். நீலம் பாய்ந்து பிறக்கும் குழந்தைகள் சிலருக்கு, நுரையீரலுக்கு ரத்தம் போக 3.5 அல்லது 4 மில்லிமீட்டர் டெஃப்ளான் குழாய் வைப்பார்கள். குழந்தை வளரும், குழாய் வளராது. அதனால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கிறது. சொந்தத் திசுவாக மாறும் குழாய், கூடவே வளர வாய்ப்புண்டு. அதை நிரூபிக்க ஆட்டுக்குட்டிகளிலும் பன்றிக்குட்டிகளிலும் நீண்ட கால ஆய்வு வேண்டும். அவசரப்பட்டுத் தாவக் கூடாத இடம் இது.

பட்டுக்குப் போட்டியாக இன்னொரு குழாய் முந்திக்கொண்டிருக்கிறது. மனித செல்களை ஆய்வகத்தில் வளர்த்துக் குழாயாக்கி, பிறகு அந்தச் செல்களையே கழுவி அகற்றிவிடும் முறை அது. கை கால்களில் அடிபட்டுத் தமனி கிழிந்தவர்களுக்கு வைக்க, 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் உள்விட்டம் 6 மில்லிமீட்டர். அந்தக் குழாயை எப்படி வளர்க்கிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.