ஜெர்சிக்குப் பின்னால் ஒரு ஜாலி கலாட்டா!

கோயில் டியூப் லைட்டில், வெளிச்சமே வெளியே வராத அளவுக்கு ‘உபயம்’ எழுதிவைப்பார்களே, பார்த்திருப்பீர்கள். உலக விளையாட்டு அரங்கில் அந்த உபயதாரர் நாற்காலிக்கு முட்டி மோதுபவை எண்ணெய், எரிவாயுக் கம்பெனிகள். நம்ம ஐ.பி.எல் ஆரஞ்சு தொப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 சீசனில் அதற்கு முன்னொட்டு, சவுதியின் அராம்கோ! இங்கிலாந்தின் நியூ வெதர் இன்ஸ்டிடியூட் 2024-ல் உட்கார்ந்து எண்ணியதில், இப்படி 205 ஒப்பந்தங்கள் சிக்கின. மொத்தத் தொகை 560 கோடி டாலர். தலை சுற்றுகிறதா?

இந்த உபயப் பலகையைக் கழற்றியே தீருவது என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. கையில் காசு கம்மி, குறும்பு ஜாஸ்தி. வாருங்கள், திரையை விலக்கி எட்டிப் பார்ப்போம்.

முதலில் கிரிக்கெட் டிரெஸ்ஸிங் ரூம். ஆஸ்திரேலிய கேப்டன் பேட் கம்மின்ஸின் ஜெர்சியில் அலின்டா எனர்ஜி லோகோ இருந்தது. நிலக்கரியிலும் எரிவாயுவிலும் மின்சாரம் எடுக்கிற கம்பெனி அது. அவர்கள் விளம்பரத்தில் நடித்தவர்தான் கம்மின்ஸ். 2022-ல் வாரியத் தலைமை அதிகாரியிடம் அந்த உறவு தனக்கு உறுத்துகிறது என்று மெல்லக் காதைக் கடித்தார். விஷயம் வெளியே கசிந்த அதே அக்டோபரில் இன்னொரு செய்தி: 2023 ஜூனோடு அலின்டா விலகுகிறது! ‘எங்கள் பிராண்ட் திட்டம் மாறிவிட்டது, அவ்வளவுதான்’ என்கிற தொனியில் விளக்கம் வந்தது. நம்புகிறோம், நம்புகிறோம்! கம்மின்ஸோ உள்ளூர் கிளப் கூரைகளில் சோலார் பேனல் ஏற்ற ‘கிரிக்கெட் ஃபார் கிளைமேட்’ என்று ஓர் அமைப்பையே தொடங்கிவிட்டார். ஆனால் வேடிக்கை என்னவென்றால், 2023-ல் அகமதாபாத்தில் நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு அவர் தூக்கிய உலகக் கோப்பையின் ஸ்பான்சர் வரிசையிலும் அராம்கோ இருந்தது. எங்கே ஓடித் தப்பிப்பார் பாவம்!

அடுத்து சைக்கிள் பந்தயம். இந்தக் கூத்தைக் கேளுங்கள். 2018 டூர் டி ஃபிரான்ஸில் டீம் ஸ்கை வீரர்களின் முதுகில் ஓர்கா திமிங்கலம். கடலைப் பிளாஸ்டிக்கிலிருந்து காப்போம் என்று பிரசாரம். அடுத்த மே மாதம் அதே அணிக்குப் புது முதலாளி, புதுப் பெயர்: டீம் இனியோஸ். பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருளை மலைமலையாகத் தயாரிக்கிற கம்பெனி! போராட்டக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தீபாவளி உண்டா? முதலாளி ஜிம் ராட்க்ளிஃபின் முகத்துக்குப் பேய்க் கொம்பு வைத்து மாஸ்க் அச்சடித்து, யார்க்‌ஷயர் பந்தயப் பாதையோரம் இறங்கிவிட்டார்கள்.

பாரிஸ் பக்கம் போனால் கணக்குப் பாடம் நடக்கிறது. 2023 ரக்பி உலகக் கோப்பையின் ஸ்பான்சர் டோட்டல் எனர்ஜீஸ். கிரீன்பீஸ் ஓர் அனிமேஷன் படம் விட்டது: ஆட்டம் நடக்கும்போதே மைதானத்தில் கறுப்பு எண்ணெய் குபுகுபுவென்று பொங்கி அரங்கையே மூழ்கடிக்கிறது. உலகம் எடுக்கும் எண்ணெயால் ஒவ்வொரு 3 மணி 37 நிமிடத்துக்கும் ஓர் அரங்கம் நிறையும் என்றது படம். அது எவ்வளவு எண்ணெய்? நாமே பேனாவை எடுப்போம். உலகின் ஒரு நாள் எண்ணெய் சுமார் 10 கோடி பீப்பாய். பீப்பாய்க்கு 159 லிட்டர். அப்படியானால் அந்த 3 மணி 37 நிமிடத்தில் ஏறக்குறைய 240 கோடி லிட்டர். நீச்சல் தெரிந்தாலும் பிழைக்க முடியாது!

கடைசியாக, கையெழுத்து வேட்டை. 2024 ஏப்ரலில் ஃபிஃபாவும் அராம்கோவும் கைகுலுக்கின. ஒப்பந்தம் 2027 வரை. அக்டோபரில் ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோவுக்கு ஒரு கடிதம் போனது. அனுப்பியவர்கள் 24 நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட கால்பந்து வீராங்கனைகள்! நெதர்லாந்தின் விவியானா மீடெமாவும் அதில் உண்டு. அராம்கோவை விடுங்கள், இனி ஸ்பான்சரைப் பரிசீலிக்கும் குழுவில் எங்களுக்கும் நாற்காலி போடுங்கள் என்று கேட்டார்கள். ஃபிஃபா அசையவில்லை. ஆனால் எல்லோரும் ஃபிஃபா இல்லை. சான்டோஸ் எரிவாயுக் கம்பெனியுடனான உறவை ஆஸ்திரேலிய டென்னிஸ் ஒரே வருஷத்தில் முடித்துக்கொண்டது. அன்றைய பாரிஸ் மேயர் ஆன் இதால்கோ முகம் சுளித்ததும், 2024 ஒலிம்பிக்ஸ் ஸ்பான்சர் ஆசையை 2019-லேயே கைவிட்டது டோட்டல்.

இந்தக் கலாட்டா எல்லாமே ஒரே இடத்தில்தான் குத்துகிறது. கம்பெனி காசு கொடுத்து வாங்குவது சட்டையில் நான்கு அங்குல இடத்தை அல்ல, நம் பிரியத்தை. லோகோவைப் பார்த்து ஊர் சிரிக்கத் தொடங்கிவிட்டால் அந்த முதலீடு கோவிந்தா!

‘எண்ணெய்க் காசு போனால் விளையாட்டே படுத்துவிடும்’ என்று யாராவது புலம்பினால், சச்சின் நெஞ்சில் இருந்த வில்ஸ் லோகோவை ஞாபகப்படுத்துங்கள். 1996 உலகக் கோப்பையின் பெயரே வில்ஸ் உலகக் கோப்பை. 2001-ல் அந்த சிகரெட் ஸ்பான்சர் விலகியது. 2003-ல் புகையிலை விளம்பரத்துக்குச் சட்டமே தடை போட்டது. ஐந்தே வருஷத்தில் ஐ.பி.எல் பிறந்தது, சிகரெட் ஸ்பான்சர் யாரும் இல்லாமல்!