ஆஸ்பத்திரி பெயரில் வரும் 'வாட்ஸ்அப்' தகவல்: எதை நம்பலாம், எதை விடலாம்?

மரக்காணம்:

உப்பளத்தில் ஒரு நாள் வேலைக்கு போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அந்தக் கூலியையும் விட்டு, பஸ்சுக்கும் காசு கொடுத்து, கிழக்கு கடற்கரை சாலையில் சுமார் 35 கிலோ மீட்டர் போய் புதுச்சேரி ஜிப்மர் வாசலில் இறங்குகிறார்கள். அங்கே, 'இன்னிக்கு லீவு' என்று சொன்னால் எப்படி இருக்கும்?

ஜிப்மர் மத்திய அரசு ஆஸ்பத்திரி. லீவு கணக்கும் மத்திய அரசு கணக்குதான். புத்த பூர்ணிமா, குருநானக் ஜெயந்தி போன்ற நாட்களில் தமிழ்நாட்டில் அரசு விடுமுறை கிடையாது. பள்ளிக்கூடம் நடக்கும், உப்பளத்தில் வேலையும் நடக்கும். ஆனால் ஜிப்மரில் வெளிப்புற சிகிச்சை பிரிவு இயங்காது. அவசர சிகிச்சை பிரிவு மட்டும் வழக்கம்போல் இயங்கும்.

2024 ஜனவரி 22-ந்தேதி அயோத்தி ராமர் கோவில் கும்பாபிஷேகத்தன்று பிற்பகல் 2.30 மணி வரை ஜிப்மர் இயங்காது என்று அறிவிப்பு வந்தது. காலையில் சீட்டு போட்டு டாக்டரை பார்க்க வருகிறவர்களுக்கு அன்றைய நாளே போன மாதிரிதான். இதை எதிர்த்து சென்னை ஐகோர்ட்டில் அவசர வழக்கு தொடரப்பட்டு, ஞாயிற்றுக்கிழமையே விசாரணை நடந்தது. அவசர சிகிச்சைக்கு தடை இருக்காது என்று தெரிவிக்கப்பட்டதால் வழக்கு முடிந்தது.

இது போன்ற அறிவிப்புகளை ஜிப்மர் முன்கூட்டியே வெளியிடுகிறது. அந்த கடிதத்தை யாராவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட, குப்பம் குப்பமாக செல்போனில் சுற்றுகிறது. நல்ல விஷயம்தான். சிக்கல் என்னவென்றால், போன வருஷ கடிதமும் இந்த வருஷம் திரும்ப சுற்றும். மேலே உள்ள தேதியை யாரும் பார்ப்பதில்லை. லீவு என்று நம்பி வீட்டிலேயே இருந்தவர் ஒரு பக்கம், தெரியாமல் போய் திரும்பி வந்தவர் ஒரு பக்கம். கடிதம் வந்தால் முதலில் தேதி, வருஷம் இரண்டையும் பார்க்க வேண்டும்.

படுக்கை கிடைத்த கதை

ஆஸ்பத்திரிகள் பேஸ்புக், ட்விட்டர் என்று இறங்கியது விளம்பரத்துக்குத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. மீதி பாதி 2021-ல் தெரிந்தது.

அந்த வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாவது அலை அடித்தபோது ஆக்சிஜன் படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்சுகள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்றது யாருக்கும் மறந்திருக்காது. அப்போது சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தமிழக அரசு ஒருங்கிணைந்த கட்டளை மையம் ஒன்றை தொடங்கியது. எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை காலி என்ற கணக்கு அங்கே வந்து சேரும். தேசிய சுகாதார இயக்க அதிகாரியாக இருந்த டாக்டர் தரேஸ் அகமது ஐ.ஏ.எஸ். இதை கவனித்தார்.

104 என்ற போன் நம்பருடன், ட்விட்டரிலும் (இப்போது அதற்கு எக்ஸ் என்று பெயர்) ஒரு கணக்கு தொடங்கினார்கள். 'பெட்ஸ் பார் டிஎன்' என்ற அடையாள சொல்லை சேர்த்து, நோயாளியின் வயது, எந்த ஊர், ஆக்சிஜன் அளவு எவ்வளவு என்று எழுதிப் போட்டால் மையத்தில் உள்ளவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். யாருக்கு ஆக்சிஜன் அளவு ரொம்ப இறங்கியிருக்கிறதோ அவருக்கு முதலில் படுக்கை தேடுவார்கள். முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அந்த மே மாதம் ஒரு நாள் இரவு மையத்துக்கு திடீரென்று போய், அவரே போனை எடுத்து பேசியது பெரிய செய்தியானது.

இதில் ஒரு குறையும் இருந்தது. ட்விட்டர் என்றால் என்னவென்றே தெரியாத, பட்டன் போன் வைத்திருக்கிற உப்பள தொழிலாளி என்ன செய்வார்? படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் பிழைத்தார். இல்லாவிட்டால் 104-க்கு திரும்ப திரும்ப போன் போட வேண்டியதுதான். முன்பின் தெரியாத நோயாளிகளுக்காக கல்லூரி பிள்ளைகள் பலர் ராத்திரி பகலாக பதிவு போட்டு இந்த இடைவெளியை ஓரளவு அடைத்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

வதந்தி ஓடும் வேகம்

ஆஸ்பத்திரி ஒரு வார்த்தை சொல்வதற்குள் வதந்தி ஊரைச் சுற்றி வந்து விடுகிறது.

2017 பிப்ரவரி 6-ந்தேதி தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாடு முழுக்க தொடங்கியது. 9 மாத குழந்தையில் இருந்து 15 வயது வரை எல்லாருக்கும் ஊசி. அதற்குள், ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் கிளப்பி விட்டார்கள். பல ஊர்களில் பெற்றோர் பள்ளிக்கூடத்துக்கு போய் 'எங்க புள்ளைக்கு வேணாம்' என்று சொல்லிவிட்டு வந்தார்கள். கடைசியில் முகாமை மார்ச் மாதம் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

நடிகர் விவேக் சமாச்சாரமும் அப்படித்தான். 2021 ஏப்ரல் 15-ந்தேதி சென்னை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரியில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ந்தேதி அதிகாலை இறந்தார். இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக டாக்டர்கள் விளக்கம் கொடுத்தார்கள். ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று மத்திய அரசின் ஆய்வுக்குழு சொன்னபோது அக்டோபர் ஆகிவிட்டது. இடைப்பட்ட 6 மாதத்தில்தான் இரண்டாவது அலையும் வந்து போனது. ஊசி போடாமல் பயந்து நின்றவர்களுக்கு அந்த விளக்கம் லேட்டாக வந்து என்ன பிரயோஜனம்?

ஜெயலலிதா அப்பல்லோவில் இருந்த கடைசி நாளும் மறக்கக்கூடியது அல்ல. 2016 டிசம்பர் 5-ந்தேதி மாலை சில டி.வி. சேனல்கள் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தன. அ.தி.மு.க. தலைமை அலுவலகத்தில் கொடியைக்கூட இறக்கிவிட்டார்கள். உடனே, 'அது ஆதாரம் இல்லாத தகவல், சிகிச்சை தொடர்கிறது' என்று ஆஸ்பத்திரி ட்விட்டரில் மறுப்பு போட்டது. கொடி மறுபடி ஏறியது. அன்று இரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்ததாக நள்ளிரவு தாண்டி அறிவிப்பு வந்தது. டி.வி.யை முந்திக்கொண்டு ஆஸ்பத்திரியே நேராக ஜனங்களிடம் பேசியதை நம்ம ஊர்க்காரர்கள் பலரும் அன்றுதான் பார்த்தார்கள்.

உங்க போட்டோ, உங்க சம்மதம்

தனியார் ஆஸ்பத்திரி பக்கங்களை திறந்தால் 'அரிய ஆபரேஷன்', 'சாதனை' என்று நோயாளி படத்தோடு பதிவுகள் வருகின்றன. நோயாளி சம்மதம் இல்லாமல், ஆள் யார் என்று தெரிகிற மாதிரி டாக்டர் படம் வெளியிடக்கூடாது என்று 2002-ம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி சொல்கிறது. டாக்டர்கள் சமூக வலைத்தளத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டு மாதம் தனியாகவே விதி கொண்டு வந்தது. அதே மாதத்தில் அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். 2002 விதியே தொடர்ந்தது.

ஆகவே, 'ஒரு போட்டோ எடுத்துக்கிறோம்' என்று கேட்டால் எதுக்கு, எங்க போடுவீங்க என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்காக வைத்தியத்தை குறைக்க முடியாது. ஆபரேஷன் முடிந்த பெண்ணின் படம் சொந்தக்காரர் செல்போனிலேயே வந்து நின்றால் சங்கடம் யாருக்கு?

சர்க்கரை நோயை அடியோடு ஒழிக்கும், புற்றுநோய் பறந்து போகும் என்று மருந்து விளம்பரம் வந்தால் அது சட்டப்படியே தப்பு. 1954-ல் போட்ட சட்டம் இன்னமும் இருக்கிறது.

'இலவச முகாம்' என்ற பதிவுகளில் பரிசோதனை மட்டும் இலவசமா, ஆபரேஷனும் இலவசமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. முதல்-அமைச்சர் காப்பீட்டு திட்டத்தில் அந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா நம்பரில் கேட்டு தெரிந்துகொள்ளலாம்.

10 ரூபாய் கேட்பவர்கள்

ஆஸ்பத்திரி போன் நம்பரை கூகுளில் தேடினால் சில சமயம் மோசடி கும்பலின் நம்பர் மாட்டுகிறது. 'டோக்கன் போட 10 ரூபாய் அனுப்புங்க' என்று ஒரு லிங்க் வரும். ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். 10 ரூபாய்தானே என்று அமுக்கினால் பேங்கில் உள்ளது மொத்தமும் போய்விடும். ஜிப்மர் இணையதள முகவரி 'ஜிப்மர் டாட் இடியு டாட் இன்' என்று முடியும். தமிழக அரசு தளங்கள் 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். எழுத்து மாறியிருந்தால் தொடக்கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு பணத்தை தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

உயிர் போகிற நேரத்தில் பேஸ்புக், வாட்ஸ்அப் எதுவும் உதவாது. ஆஸ்பத்திரி பக்கத்தில் ராத்திரி 2 மணிக்கு எழுதிப் போட்டால் காலையில்தான் யாராவது பார்ப்பார்கள். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்து பத்து பேருக்கும் மேல் இறந்தார்களே, மெத்தனால் உள்ளே போனால் நேரம் ஆக ஆக கண்ணும் போகும், உயிரும் போகும். மோர் குடி, உப்புத் தண்ணி குடி என்று குரூப்பில் வருவதை பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. பாம்புக்கடிக்கும் இதே பேச்சுதான். 108-ஐ கூப்பிட்டு காலாப்பட்டு பிம்ஸ், ஜிப்மர், முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரி என்று எது கிட்டயோ அங்கே போய்ச் சேர வேண்டும்.

அவசரம் இல்லாத சந்தேகத்துக்கு 104 இருக்கிறது. பட்டன் போனில் இருந்தும் பேசலாம், தமிழிலேயே பதில் சொல்வார்கள்.