தெரிந்த குடமும் தெரியாத குடமும்

விதைக்கும்போது விளைவு தெரியாது. தறியில் பாவு ஏற்றும்போது சேலை விற்கப்போகும் விலை தெரியாது. தெரியாததை வைத்துக்கொண்டே தீர்மானம் செய்ய வேண்டியிருப்பது விவசாயிக்கும் நெசவாளிக்கும் பொதுவான நிலை. அந்த நிலையில் மனிதர் எவ்வாறு தீர்மானிக்கின்றனர் என்பதையே தம் ஆராய்ச்சிக்கு விஷயமாகக் கொண்ட ஒரு பொருளாதார அறிஞரைப் பற்றி இம்மாதம் அங்கத்தினர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அமெரிக்க நாட்டவரான டேனியல் எல்ஸ்பர்க் என்பவரே அவர்.

எல்ஸ்பர்க் 1931-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று 1952-இல் பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் ஓராண்டு படித்தார். 1954 முதல் 1957 வரை கடற்படைக் காலாட்படையில் அதிகாரியாக இருந்தார். 1959-இல் கலிபோர்னியாவிலுள்ள ராண்டு என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1962-இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அவருக்குப் புகழ் தந்த கட்டுரை அதற்கு முந்திய ஆண்டே, 1961-இல், வெளியாயிற்று.

அக்கட்டுரையின் அருமையை உணர, அதற்கு முன் நடந்த வாதத்தைச் சிறிது அறிதல் வேண்டும். 1921-இல் பிராங்க் நைட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் தெரியாமையை இரு வகையாகப் பிரித்தார். ஆயிரம் வீடுகளில் ஆண்டுக்கு எத்தனை வீடுகள் தீப்பற்றும் என்பதைப் பழைய கணக்குகளைக் கொண்டு ஒருவாறு கூறலாம்; அதனால்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பிரீமியத்தை நிர்ணயிக்க முடிகிறது. இது அளக்கக்கூடிய அபாயம். முன்பு எவரும் விற்றிராத புதுச்சரக்கு விலைபோகுமா என்பதற்கு அத்தகைய கணக்கு ஏதுமில்லை. இது அளக்க இயலாத நிச்சயமின்மை என்றார் நைட்.

1954-இல் லியனார்டு சாவேஜ் என்னும் கணித அறிஞர் வேறு விதமாக வாதித்தார். கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அறிவோடு தீர்மானிப்பவன் தன் மனத்தில் ஒவ்வொரு வாய்ப்புக்கும் ஓர் அளவைக் கொண்டே தீர்மானிக்கிறான். அவனுடைய தேர்வுகளைப் பார்த்தே அந்த அளவைக் கண்டுகொள்ளலாம் என்பது அவர் கொள்கை. இக்கொள்கை சரியாயின், நைட் செய்த பாகுபாட்டுக்குப் பெரும் பயன் இல்லாமற் போகும்.

எல்ஸ்பர்க் இதனை ஓர் எளிய உதாரணத்தால் சோதித்தார். இரண்டு குடங்கள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் 100 பந்துகள். முதற்குடத்தில் 50 சிவப்பு, 50 கறுப்பு. இரண்டாங்குடத்திலும் சிவப்பும் கறுப்புமே உள்ளன. எது எத்தனை என்பது மட்டும் தெரியாது. சிவப்புப் பந்தை எடுத்தால் பரிசு உண்டு. எந்தக் குடத்தில் கையை விடுவீர்கள்? பெரும்பாலோர் முதற்குடம் என்பர். சரி, இப்போது கறுப்புப் பந்துக்குப் பரிசு. எந்தக் குடம்? மீண்டும் முதற்குடம் என்றே பெரும்பாலோர் சொல்வர்.

இங்கேதான் சிக்கல். சிவப்புக்காக முதற்குடத்தை விரும்பியவர், இரண்டாங்குடத்தில் சிவப்பு 50-க்குக் குறைவு என்று எண்ணியிருத்தல் வேண்டும். அப்படியானால் அதில் கறுப்பு 50-க்கு மேல் இருக்கும். கறுப்புக்காக அவர் இரண்டாங்குடத்தை அன்றோ நாட வேண்டும்? அவர் நாடவில்லை. ஆகவே அவர் வாய்ப்பின் அளவை மட்டும் பார்க்கவில்லை. அந்த அளவு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதையும் பார்க்கிறார். இவ்விதச் சோதனையில் சாவேஜும் தம் விதிக்கு மாறாகவே தேர்ந்தார் என்று எல்ஸ்பர்க் குறித்திருக்கிறார். நன்கு யோசித்த பின்னும் அறிஞர் பலர் தம் விருப்பத்தை மாற்றிக்கொள்ளாததால், இதை வெறும் மடமை என்று தள்ளலாகாது என்பது எல்ஸ்பர்க்கின் கருத்து. பொருளாதார நூல்களில் இது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அவருடைய வாழ்வின் பிற்பகுதியும் இவ்விஷயத்தோடு தொடர்புடையதே. 1964-இல் அவர் அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவில் பணியேற்றார். 1965 முதல் 1967 வரை வியட்நாமில் இருந்தார். அந்த யுத்தத்தைப் பற்றி இலாகா இரகசியமாகத் தயாரித்த வரலாற்றில் அவரும் பங்கு கொண்டார். ஏறக்குறைய 7,000 பக்கங்கள் கொண்ட அந்த வரலாற்றைப் படித்தபோது, வெற்றி ஐயத்துக்குரியது என்று ஆட்சியாளர் தமக்குள் அறிந்திருந்தும் மக்களிடம் உறுதியாகவே பேசி வந்தனர் என்பது அவருக்குப் புலனாயிற்று. 1969-இல் அவர் அதைப் பிரதி எடுத்தார். 1971 ஜூன் 13-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிடத் தொடங்கிற்று. 115 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றச்சாட்டுகள் அவர்மீது சுமத்தப்பட்டன. அரசாங்கத் தரப்பினரின் முறைகேடுகள் வெளிப்பட்டதால், 1973 மே 11-இல் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். எல்ஸ்பர்க் 2023 ஜூன் 16-ஆம் தேதி தம் 92-ஆம் வயதில் காலமானார்.

குடத்தின் கதை நம் சங்கங்களுக்கு மிகவும் பொருந்துவதாகும். வியாபாரி கொள்முதல் விலையை இன்றே சொல்லிவிடுகிறான். அது குறைவாயினும் தெரிந்த விலை. சங்கமோ சரக்கு விற்ற பிறகே இறுதிக் கணக்குத் தீர்த்து, ஆண்டு முடிவில் போனஸ் வழங்குகிறது. அது கூடுதலாகவே இருக்கலாம், ஆயினும் இன்று தெரியாத தொகை. அங்கத்தினர் வியாபாரியிடம் போவாராயின், அவருக்குச் சங்கப் பற்று இல்லை என்று நிர்வாகக் குழுவினர் குறை கூறுவது எளிது. சங்கம் அவருக்குத் தெரியாத குடமாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதே முறை.

அப்படி இருக்குமாயின் அதற்குப் பரிகாரம் பிரசங்கம் அன்று. குடத்தைத் திறந்து காட்டுவதே. சென்ற ஐந்து ஆண்டுகளில் சங்கம் என்ன விலைக்கு விற்றது, செலவு போக அங்கத்தினருக்கு என்ன கிடைத்தது, தேங்கிய சரக்கு எவ்வளவு என்பவற்றைப் பொதுச் சபையில் படிக்க வேண்டும். கணக்கு எழுதிய தாளை அலுவலகச் சுவரில் ஒட்டவும் வேண்டும். நஷ்டம் கண்ட ஆண்டையும் மறைக்காமல் சேர்க்க வேண்டும். வரும் ஆண்டைப் பற்றிப் பேசும்போது தெரிந்ததைத் தெரிந்ததென்றும், தெரியாததைத் தெரியாததென்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். உறுதியில்லாத போனஸை உறுதிபோலச் சொல்லி அங்கத்தினரைச் சேர்த்த சங்கம், மறு ஆண்டு அவர்களை இழக்கும்.

அங்கத்தினருக்கும் ஒரு வார்த்தை. நாளைக்கே கடன் தவணை கட்ட வேண்டியவர் தெரிந்த விலையை நாடுவதில் தவறில்லை. அத்தகையோருக்காகவே சரக்கின்மீது முன்பணம் கொடுக்கும் ஏற்பாடு சங்கங்களில் உள்ளது. அவசரம் இல்லாதவர் மட்டும் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: இக்குடத்தை நாம் ஒதுக்குவது அதில் நமக்கு நஷ்டம் உண்டென்று அறிந்தா, அதற்குள் என்ன இருக்கிறதென்று அறியாமையாலா? அறியாமையே காரணம் எனில், சங்கத்தின் கணக்கைக் கேட்டுப் பார்க்கும் உரிமை அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் உண்டு. அடுத்த பொதுச் சபையிலேயே அதைக் கேட்கலாம்.